மூன்றாவது அழைப்பு

ஊருக்கு வெளியே, ஓடை திரும்புகிற இடத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் இருக்கிறது. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வட்டமாக இரண்டு தொட்டிகள், நீளமாக ஒன்று, காற்று ஊதும் இயந்திரத்துக்கு ஒரு கொட்டகை, மேசையும் மின்விசிறியும் உள்ள ஓர் அறை, சுற்றிலும் கம்பிவேலி, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் தொட்டியக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்களே தவிர, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னவர்கள் குறைவு.

முதலில் அவள் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்தியது. அந்தச் சமயம் நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்று நகர அலுவலகம் பலகையில் எழுதிப் போட்டிருந்தது. எழுத்து மழையில் அழிந்துபோன பிறகும் ஆள் கிடைக்கவில்லை. இவள் போய் நின்றாள். பொறியாளர் நல்ல மனுஷன். நாற்றம் ஒத்துக்கொள்ளுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சம்பளம் ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்றாள் இவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவன் அன்று வீட்டில், "ஊர்ல ஒருத்தரும் இனி உன்கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான்.

ஊர் முழுக்கக் குளித்து, கழுவி, கொட்டிய தண்ணீரெல்லாம் குழாய் வழியாக அவளிடம் வந்து சேரும். முதலில் ஒரு பெரிய சல்லடை. அதில் துணி, பிளாஸ்டிக், பொம்மைக் கை, எல்லாம் மாட்டும். ஒருமுறை முழுப் பல்செட் ஒன்று மாட்டியது. அதை நன்றாகக் கழுவித் தொட்டிச் சுவர்மேல் வைத்து, கடைத்தெருவில் சேதி சொல்லி அனுப்பினாள். சொந்தக்காரர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். பேச அவருக்கு வழியும் இல்லை.

சல்லடை தாண்டிய தண்ணீர் நீளத் தொட்டிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்து அழுக்கைத் தின்னும். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், அதற்குத்தான் இயந்திரம். நுரை பழுப்பாக, மண்வாசனையோடு இருந்தால் எல்லாம் சரி. கறுத்து நாறினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். வேலை செய்கிறது அவர்கள், நான் வெறும் மேஸ்திரி என்பாள் தொட்டியக்கா. அந்த வேலையாட்கள்மீது அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. லீவு கேட்காதவர்கள்.

வம்பெல்லாம் மழையில்தான். பலத்த மழை பெய்தால் தெருத் தண்ணீரும் குழாய்க்குள் புகுந்து, வழக்கத்தைவிடப் பல மடங்கு வந்து மோதும். அத்தனையையும் தொட்டிக்குள் விட்டால் வெள்ளம் அந்தக் கிருமிக் கூட்டத்தையே அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி அவை பெருகுவதற்குள் ஊர் நாறிவிடும். அதனால் பக்கத்தில் ஒரு மதகு வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் மிஞ்சிய தண்ணீர் சுத்தமாகாமல் அப்படியே ஓடைக்குப் போகும். வேறு வழி இல்லை.

ஓடைக்குக் கீழே மூன்று பேர் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒருவர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். ஒருவர் செங்கல் சூளைக்காரர். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சூளையில் வேலை செய்கிறவர்கள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். மூன்றாவது ஆள் தொட்டியக்காவின் சொந்தத் தம்பி. அவனுக்கு மீன் குளம். ஓடையிலிருந்து குளத்துக்கு ஒரு வாய்க்கால், வாய்க்காலின் வாயில் ஏற்றி இறக்குகிற ஒரு பலகை.

மதகைத் திறப்பதற்கு முன்னால் மூன்று பேரையும் போனில் கூப்பிட்டு, "மூடிக்கோங்க" என்று சொல்வது தொட்டியக்காவின் வழக்கம். யாராவது எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பாள். அதற்கும் பதில் இல்லை என்றால், சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிடுவாள். ஒருமுறை சூளைக்காரர் தூங்கிவிட, இவளே போய் அவர் வாய்க்காலை அடைத்துவிட்டு வந்த கதையை அவர் இன்றும் சொல்லுவார். இது எந்த விதியிலும் எழுதப்பட்டதில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நாற்றுப்பண்ணைக்காரர் வாடிப்போன நாற்றைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்றிலிருந்து இவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது.

தம்பி என்றால் அவளுக்கு உயிர். அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை, திட்டித்தான் பழக்கம். அவன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டாரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தான். அன்று காலை தொட்டியக்கா இரண்டு முறை குளித்தாள். நகத்துக்கு அடியில்கூட பிரஷ் போட்டுத் தேய்த்தாள். புதுத்துணி உடுத்திப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா சும்மா பேச்சுக்கு, அக்கா என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். தம்பி தன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சொன்னான்.

"நகர அலுவலகத்துல இருக்காங்க. தண்ணி சம்பந்தமா."

பொய் என்றும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.  தம்பியின் மனைவி அவசரமாக வந்து இன்னொரு கரண்டி பரிமாறினாள். அந்த உபசாரம் தொட்டியக்காவுக்கு இன்னும் கசந்தது. திரும்பி வரும் வழியில் கணவன், "பதவி உயர்வு வந்திருக்கு, வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு வேனை ஓட்டினான்.

சண்டை ஒன்றும் போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். தம்பிக்கு இப்படியெல்லாம் பேச வராது, இது அவன் பெண்டாட்டி சொல்லிக்கொடுத்த பாடம் என்று முடிவு கட்டினாள். அந்தப் பார்வையைத்தான் பார்த்தோமே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தாள். தம்பியைக் கோபித்துக்கொள்ள மனம் வராதவர்களுக்குத் தம்பி மனைவி எப்போதும் கைக்கு வாகாக இருப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மதியம் வானம் பொத்துக்கொண்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு ஓடினாள். சல்லடையில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. அறைக்குள் வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நாற்றுப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள், மூடிவிட்டதாகச் சொன்னார். சூளைக்காரர் மழைக்குச் சூளையை மூட ஆள் போதவில்லை என்ற புலம்பலோடு சரி என்றார். அடுத்தது தம்பியின் எண். திரையில் அது தெரிந்தது. விரல் அதன்மேல் நின்றது.

அலுவலகத்தில் இருக்கிற அக்காவுக்கு மதகைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றியது. இத்தனை மழை பெய்கிறது, அவனுக்குக் கண் இல்லையா, தானாக மூடமாட்டானா என்றும் தோன்றியது. கூப்பிட்டால் அவன் பெண்டாட்டி எடுப்பாள், அந்தக் குரலைக் கேட்க வேண்டுமா என்றும் தோன்றியது. இத்தனையும் தோன்ற ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. பெரிய கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, சின்ன வீம்பு. போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே போய் மதகின் சக்கரத்தைச் சுற்றினாள். பழுப்புத் தண்ணீர் கடகடவென்று ஓடைக்குள் இறங்கியது.

மறுநாள் காலை தம்பியே கூப்பிட்டான். "அக்கா, மீனெல்லாம் மேல வந்து கிடக்கு" என்றான். 

அவள் போனபோது அவன் இடுப்பளவுத் தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். குளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறுகள். இன்னும் உயிர் இருந்த சில மீன்கள் கரையோரம் வாயைத் திறந்து திறந்து மூடின. கல்யாணத்துக்கு முன்னால் பிடித்து விற்க வேண்டிய மீன். குளத்திலிருந்து எழுந்த வாசனையை ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். 

தம்பி கரையேறி வந்து சொன்னான். முந்தின நாள் அவன் வியாபாரியைப் பார்க்க வெளியூர் போயிருந்தான். மழை வரும்போல இருக்கிறது, அக்கா கூப்பிட்டால் உடனே பலகையை இறக்கு என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லி, போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் சம்பந்தியம்மாவோடு போனில் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்து சார்ஜ் முழுவதையும் தீர்த்துவிட்டு, போன் அணைந்ததுகூடத் தெரியாமல் உள்கட்டில் மாவுச் சல்லடையோடு இருந்திருக்கிறாள். அணைந்து கிடந்த போனுக்கு யார் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று எப்படித் தெரியும்?

"நீ அடிச்சு அடிச்சுப் பார்த்திருப்ப. இங்க எடுக்க நாதி இல்ல. அந்த மழையில சைக்கிளும் ஓடியிருக்காது. நீ என்னக்கா பண்ணுவ" என்றான் தம்பி.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளோ குனிந்து ஒரு கூடையை எடுத்துச் செத்த மீனை அள்ளத் தொடங்கினாள். மதியம்வரை அள்ளினாள். குழி தோண்டிக் கொட்டி மூடுகிறவரை கூடவே நின்றாள். அக்கா மாதிரி யார் வருவார்கள் என்று தம்பி பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. எத்தனையோ நாளாக அவன் வாயிலிருந்து வராத பேச்சு.

சில நாள் கழித்துத் தம்பியின் மனைவி நிலையத்துக்கு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த வேலிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, அறைக்குள் நேராக வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டீங்களோ அண்ணி. போன் செத்துக் கிடந்திருக்கு, நான் கவனிக்கல. அவர் கை ஓங்கிட்டார். இத்தனை வருஷத்துல முதல் தடவை. தப்பு என்மேல, அதான் நானும் ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு சொன்னார்."

சொல்லிவிட்டுத் தொட்டியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோப்பு எவ்வளவு போட்டாலும் போகாத ஒரு மணம் அந்தக் கையில் எப்போதும் இருக்கும் என்று தொட்டியக்காவுக்கே தெரியும். அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் அழுதாள். வெளியே இயந்திரம் ஊதிக்கொண்டிருந்தது.  கடைசியில், "சரி விடும்மா, பரவாயில்ல" என்றாள்.

பரவாயில்லையாம்! குற்றம் செய்தவள் குற்றமில்லாதவளை மன்னித்து வீட்டுக்கு அனுப்பினாள். அந்த வார்த்தையைச் சொன்ன வாயைப் பிறகு அவள் எத்தனையோ முறை மனதுக்குள் அறைந்துகொண்டாள். வெளியே மட்டும் வழக்கம்போல நுரையைப் பார்த்தாள், சல்லடையை வாரினாள். துருப்பிடித்த கைப்பிடிகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தாள். நிலையம் அவ்வளவு பளிச்சென்று எப்போதும் இருந்ததில்லை. பொறியாளர் வந்து பார்த்துப் பாராட்டினார். பாராட்டு முள்ளாகக் குத்தியது.

கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டான். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, "நீ கூப்பிட்டிருந்தாலும் செத்த போனுக்குத்தானே போயிருக்கும். மீன் எப்படியும் போயிருக்கும்" என்றான். நியாயம்தான். அந்த நியாயத்தை இரண்டு நாள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், தூங்கினாள். ஆனால் போன் எடுக்காவிட்டால் சைக்கிளில் போகிறவள் அவள். கூப்பிட்டிருந்தால், பதில் வராமல் இருந்திருந்தால், மழையில் மிதித்துப் போய்ப் பலகையைத் தானே இறக்கியிருப்பாள். இது அவளுக்குத் தெரியும். கணவனுக்கும் தெரியும். அவன் சைக்கிள் என்ற வார்த்தையை மிகக் கவனமாகத் தவிர்த்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மீன் காசு போனதால் தம்பி வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். தம்பி தன் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் மகளிடம் சொல்லி அனுப்புவான், ஒரே அறைக்குள்ளேயே. போனும் அவன் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவன் மனைவி எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளைபோல வளர்த்த மீனைக் கொன்ற கை என்று அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மகள் அத்தையிடம் வந்து சொல்லி அழுதாள். அத்தை அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். 

பிறகு பொறியாளர் ஒரு கூட்டம் போட்டார். மழைத்தண்ணீரைத் தனியாகப் பிடித்துவைக்க ஒரு தொட்டி கட்டப்போகிறார்கள். அதுவரை ஓடைக்குக் கீழே இருக்கிறவர்கள் என்ன செய்வது என்று பேசத்தான் கூட்டம். நகர அலுவலகத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாற்றுப்பண்ணைக்காரர் வந்திருந்தார். சூளைக்காரர் வந்திருந்தார். கல்யாணம் தள்ளிப்போனதற்கு இதுதானே காரணம் என்று மாப்பிள்ளையின் அப்பாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள், நடுவில் ஒரு காலி நாற்காலியோடு. தொட்டியக்கா வழக்கப்படி கடைசி வரிசையில், ஜன்னல் ஓரம்.

யாரோ ஒருவர், மதகைத் திறக்கிறவர்கள் கொஞ்சம் பொறுப்பாக இருந்தால் இந்த நிலைமை வருமா என்று இழுத்தார். தம்பி சட்டென்று எழுந்தான்.

"அந்தத் தொட்டியில வேலை பாக்குறது என் கூடப்பிறந்த அக்கா. சாக்கடைத் தண்ணியை அள்ளி நமக்கெல்லாம் நல்ல தண்ணியாத் தர்றவங்க. கூப்பிடாம ஒரு தடவைகூட மதகைத் திறந்ததில்ல. எடுக்காதது எங்க வீட்டுல. அவங்க மேல யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

சம்பந்தியாகப் போகிறவரின் முகத்துக்கு நேராகச் சொன்னான். விருந்தன்று அவன் இதைச் சொல்லியிருந்தால் தொட்டியக்கா காது குளிரக் கேட்டிருப்பாள். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், மரியாதையோடு. அவள் தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்தபடி, ஆமாம், ஆமாம் என்று மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தலையாட்டலைத் தொட்டியக்காவால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் கூப்பிடல" என்றாள். யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னாள். "மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். தம்பியைக் கூப்பிடல. மறந்துபோய் இல்ல. நம்பரைக் கையில வச்சுக்கிட்டு, வேணும்னேதான் விட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

 பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூப்பிட வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் நடவடிக்கை எடுக்க ஒன்றுமில்லை என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் அது ஆறுதலாக இல்லை.

வெளியே படிக்கட்டில் தம்பி அவளை மறித்து, ஏன் என்று கேட்டான். அவள் விருந்தைச் சொன்னாள். அலுவலகத்தில் இருக்கிறாள் என்று சொன்னதைச் சொன்னாள். அவன் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையைச் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் எல்லாம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. 

"தொட்டியில வேலைன்னு நேராவே சொல்லுங்க, அதுல என்ன வெட்கம்னு அன்னிக்குக் காலைலயே சொன்னா அவ. நான்தான்க்கா கேக்கல. அதான் அவளைப் பார்த்தேன்" என்றான்.

அவன் மனைவி அதற்குள் படியிறங்கி வந்துவிட்டாள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. தொட்டியக்கா அவள் எதிரே போய் நின்று, என்னை மன்னித்துவிடு என்று கேட்டாள். ஊர் பார்க்கிறதே என்று நினைக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் கேட்டாள்.

"மீனுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணி. கோபத்துல யாரும் செய்யறதுதான்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "ஆனா அன்னிக்கு உங்ககிட்ட வந்தேனே. அடிவாங்கின முகத்தோட வந்து, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

தொட்டியக்காவின் கூப்பிய கைகள் இறங்கின.

"பரவாயில்லைன்னு என்கிட்ட சொன்னீங்க" என்றாள். தெருவில் இறங்கி நடந்தாள். பைக்கின் பக்கத்தில் போய் நின்ற தம்பியைத் தாண்டியும் அதே நடைதான், தலையைத் திருப்பவில்லை. தம்பி பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே அவள் பின்னால் போனான். ஏறிக்கொள் என்று சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கிப் போனார்கள். யாராவது ஒருவர் நின்று தன்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போகமாட்டார்களா என்று தொட்டியக்காவுக்கு ஏக்கமாக இருந்தது.